ஸ்பென்சர் கடையும் எங்க ஊர் பற்று நோட்டும்

சரக்கை நாமே கையால் எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்தார். உள்ளே விலை எழுதிய அலமாரிகள், வெளியேறும் வழியில் கல்லா. எடுத்துக் கொடுக்கும் ஆட்களின் சம்பளம் மிச்சம். கடன் கிடையாது, காசு கொடுத்தால்தான் சரக்கு. சூப்பர் மார்க்கெட்டின் மொத்தக் கணக்கும் இதுதான்.

சென்னைக்கு அந்தக் கணக்கு தாமதமாகத்தான் வந்தது. 1863இல் தொடங்கிய ஸ்பென்சர், மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும் சீமைச் சரக்கு விற்ற கம்பெனி. யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்தபிறகு அது ஹோட்டல், சுருட்டு, ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலை என்று தென்னிந்தியா முழுக்கப் பரவியது. விற்பனை மட்டும் பழைய முறைதான்: நீங்கள் கேட்பீர்கள், சிப்பந்தி எடுத்து வைப்பார்.

1980களின் இறுதியில் ஆர்.பி.ஜி. குழுமம் ஸ்பென்சரை வாங்கியது. 1996இல் சென்னையில் 'ஃபுட்வேர்ல்ட்' திறந்தது. அதில் கைகோத்த டெய்ரி ஃபார்ம், 1886இல் ஹாங்காங்கில் பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் சுத்தமான பாலுக்காகத் தொடங்கிய பண்ணை! மாட்டுப் பண்ணை ஆசியாவின் பெரிய சில்லறை நிறுவனங்களில் ஒன்றாகி, நம்ம ஊர் துவரம்பருப்பை பாக்கெட்டில் விற்க வந்தது. 2005 வாக்கில் இருவரும் கடைகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஸ்பென்சர்ஸின் தலைமையகம் இன்று கொல்கத்தாவில்.

இந்த வளர்ச்சியின் ரகசியம் குளிர்சாதனம் இல்லை, கடன். பெரிய நிறுவனம் மொத்தமாக வாங்குவதால் விலையைக் குறைக்கச் சொல்லி மிரட்ட முடியும். சரக்குக்கான பணத்தைப் பல நாள் கழித்துத்தான் கொடுக்கும். நம்மிடம் உடனே வாங்கிவிடும். இடையில் இருக்கும் பணம் அதன் கையில். சரக்கு தருபவர் கடன் கொடுக்கிறார், வாங்குபவர் ரொக்கம் தருகிறார்.

திருத்தணியில் மளிகைக்கடைக்காரரும் மண்டியில் கடனுக்குத்தான் எடுக்கிறார். வித்தியாசம், அவர் அதை நமக்கும் நீட்டுகிறார். 1960இல்தான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. இன்றும் ஒரே கல்லாவில் தமிழும் தெலுங்கும் மாறி மாறி ஓடும். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத் தறிக்காரர்களுக்குக் கூலி வரும்வரை அரிசியும் எண்ணெயும் பற்று நோட்டில் ஏறும். "கூலி வந்ததும் குடுக்கறேன் ணா" என்ற வாக்கியத்தை எந்த பில்லிங் மெஷினும் வாங்கிக்கொள்ளாது.

2012இல் மத்திய அரசு பல பிராண்ட் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது, ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் அதை ஏற்க மறுத்தது. வால்மார்ட் வந்தால் அண்ணாச்சி கடை மூடிவிடும் என்ற பயம்தான் அன்றைக்குப் பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் அது கையில் காசு இருப்பவருக்குக் கிடைக்கும் குறைவு. மாதக் கடைசியில் தறி நின்றுபோன வீட்டுக்கு அரைக் கிலோ பருப்பு யார் தருவார்கள் என்பதை எந்தத் தள்ளுபடிப் பலகையும் சொல்வதில்லை. சில்லறை வணிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டடங்களோடு அந்த நோட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.