கிராபிக்ஸ் கார்டும் அதன் பெட்டியில் போட்ட எண்ணும்

மைசூரில் ரூபாய் நோட்டு அச்சடிக்கிறார்கள் என்பது நம்மூரில் பல பேருக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமாக 1995ல் தொடங்கிய பாரதிய ரிசர்வ் பேங்க் நோட் முத்ரணுக்கு இரண்டே அச்சகங்கள்தான். ஒன்று மேற்கு வங்கத்தில் சால்போனியில், இன்னொன்று இங்கே. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பிடித்து கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். (அச்சடிப்பது அவர்கள், எண்ணுவது மட்டும்தான் நாங்கள்!)

நோட்டில் 500 என்று போட்டிருந்தால் அது 500 தான். கவர்னர் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்திருக்கிறார். ஒரு கிராபிக்ஸ் கார்டின் பெட்டியில் 4060 என்றோ 5090 என்றோ போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு உறுதி கொடுப்பவர் யார்? யாரும் இல்லை என்பதுதான் பதில். கடந்த 25 வருஷ வரலாற்றைப் பார்த்தால் அது நன்றாகவே தெரிகிறது.

பி.காம். படித்த வங்கிக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனிடம் எல்லா கொட்டேஷனும் வரும். அனிமேஷன் படிக்கும் மகனுக்காக ஓர் ஆட்டோ ஓட்டுநர் இரண்டு கடைகளிலிருந்து லேப்டாப் கொட்டேஷன் கொண்டு வந்தார். இரண்டிலும் 4060 என்றுதான் இருந்தது. விலையில் 18 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். "சார், ரெண்டும் ஒண்ணுதானே, விலை குறைஞ்சதையே எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் மூன்று வருஷம் தவணை கட்டப்போகிறவர் அவர். உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இது கம்ப்யூட்டர் கதை மாதிரியே தெரியவில்லை, கணக்குக் கதை மாதிரி இருந்தது.

முதலில் அடிப்படை. கம்ப்யூட்டரின் பிராசசர் எந்த வேலை கொடுத்தாலும் செய்யும் மேனேஜர் மாதிரி. கிராபிக்ஸ் சிப் என்பது ஒரே மாதிரி சின்னக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும் கிளார்க்குகளின் கூட்டம். அந்தக் கிளார்க்குகளைத்தான் கோர் என்கிறார்கள். அவர்கள் பேரேடுகளைப் பரப்பி வைக்கும் மேஜைதான் மெமரி. பேரேட்டை எடுத்து வர, கொண்டு போக உள்ள வாசலின் அகலம்தான் பிட் கணக்கில் சொல்லப்படுவது. இவர்களுக்குப் போடும் சாப்பாடு வாட். கிளார்க், மேஜை, வாசல், சாப்பாடு: இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம்.

1996ல் 3டிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வூடூ வந்தது. அது முப்பரிமாணப் படம் மட்டும்தான் போடும், சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு தனியாக வேண்டும். அப்போதெல்லாம் தேர்வு செய்வது எளிது. வூடூ இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். 1998ல் வந்தது வூடூ 2. பெயரில் ஒன்று கூடியது, வேகமும் கூடியது. எண்ணும் சரக்கும் ஒத்துப்போன காலம் அது. 2000 டிசம்பரில் அந்த நிறுவனம் கடையைக் கட்டியது. சொத்துகளை வாங்கிக்கொண்டது என்விடியா.

என்விடியா அதற்கு முன்பே, 1999ல், தன் புது சிப்புக்குப் பெயர் வைக்கச் சொல்லி பொதுமக்களுக்குப் போட்டி வைத்திருந்தது. 12 ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள் வந்தன. அதில் தேர்வானதுதான் ஜீஃபோர்ஸ். அந்த வருஷக் கடைசியில் ஜீஃபோர்ஸ் 256 வெளியானபோதே சிக்கலும் கூடவே பிறந்துவிட்டது. சாதாரண மெமரியுடன் ஒன்று, அதைவிட வேகமான டிடிஆர் மெமரியுடன் ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகள். சிப் ஒன்றுதான், வாசல்தான் வேறு. பெரிய திரை அளவில் ஓட்டினால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

2002 பிப்ரவரியில் ஜீஃபோர்ஸ் 4 வந்தது. அதில் டிஐ என்று ஒரு வரிசை, எம்எக்ஸ் என்று ஒரு வரிசை. முந்தின வருஷம் வந்த ஜீஃபோர்ஸ் 3ல் இருந்த முக்கியமான வசதி, அதாவது படத்தின் ஒளியையும் நிழலையும் விளையாட்டு எழுதுபவரே நிரல் எழுதித் தீர்மானிக்கும் வசதி, எம்எக்ஸ் வரிசையில் கிடையாது. அதன் உள்ளே இருந்தது ஜீஃபோர்ஸ் 2 குடும்பத்து சரக்கு. நாலு என்று பெயர் வைத்த இரண்டு! டூம் விளையாட்டின் நிரலை எழுதிய ஜான் கார்மாக்கே இந்தப் பெயர்க் குழப்பத்தைக் குறை சொல்லி, டூமுக்காக இதை வாங்காதீர்கள் என்று வெளிப்படையாக எழுதினார். சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கிய தலைமுறைக்கு எம்எக்ஸ் 440 என்ற பெயர் நினைவிருக்கும்.

என்விடியாவை மட்டும் சொன்னால் நியாயமில்லை. 2001ல் போட்டி நிறுவனமான ஏடிஐயின் ரேடியான் 8500 சோதனைக்கு வந்தது. எல்லாரும் வேகத்தை ஒப்பிடப் பயன்படுத்திய விளையாட்டு குவேக் 3. யாரோ அந்த நிரலில் குவேக் என்ற பெயரைக் குவாக் என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறைந்துவிட்டது, படத்தின் தரம் கூடிவிட்டது! டிரைவர் மென்பொருள் பெயரைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறது. ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கும் கிளையை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை :-)

அடுத்து வந்தது பெயர் மாற்றும் காலம். 2007 அக்டோபரில் 8800 ஜிடி என்று வந்த கார்டு 2008ல் 9800 ஜிடி ஆனது. சிப் அதேதான். 2008ல் 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ் என்று இருந்தது 2009 மார்ச்சில் ஜிடிஎஸ் 250 ஆனது. ஏடிஐயை 2006ல் வாங்கிய ஏஎம்டியும் சளைக்கவில்லை. 2009ன் 5770, 2011ல் 6770 என்று திரும்பி வந்தது. எங்கள் ஊருக்கும் 2014 நவம்பர் 1ல் மைசூர் என்பது போய் அதிகாரபூர்வமாக மைசூரு என்று ஆனது. ஆனால் அதைக் காட்டி யாரும் சாமுண்டி மலைக்குக் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

2014 செப்டம்பரில் வந்த ஜிடிஎக்ஸ் 970 இந்த வரலாற்றில் தனி அத்தியாயம். 4 ஜிபி மெமரி என்று விற்றார்கள். 4 ஜிபி இருந்தது உண்மைதான். ஆனால் அதில் 3.5 ஜிபிதான் முழு வேகம், மீதி அரை ஜிபி மெதுவாக ஓடும் தனிப் பகுதி என்று 2015 ஜனவரியில் தெரிய வந்தது. வேறு சில விவரங்களும் அறிவித்ததைவிடக் குறைவு. பொறியாளர்களுக்கும் விற்பனைப் பிரிவுக்கும் இடையே தகவல் சரியாகப் போகவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2016ல் கார்டுக்கு 30 டாலர் என்று சமரசம் ஆனது. பேலன்ஸ் ஷீட்டில் இருப்புத் தொகை சரியாக இருந்து, அதில் ஒரு பகுதியை எடுக்க முடியாது என்று கீழே குறிப்பு போடாமல் விட்ட கதைதான் இது.

2016ல் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது. 6 ஜிபி, 3 ஜிபி என இரண்டு. வித்தியாசம் மெமரியில் மட்டும் என்று பெயரைப் பார்த்தால் தோன்றும். உண்மையில் 6 ஜிபியில் 1280 கோர், 3 ஜிபியில் 1152 தான். மேஜையோடு சேர்த்து கிளார்க்குகளையும் குறைத்துவிட்டார்கள். 2017ன் ஜிடி 1030 இன்னும் மோசம். மறு வருஷம் அதே பெயரில் டிடிஆர் 4 மெமரி போட்டு ஒன்றை விட்டார்கள். முதலாவதில் நொடிக்கு 48 ஜிபி போய்வந்தது, இரண்டாவதில் 16.8 ஜிபி. வாசல் வழியாகப் போய்வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, சரியாகச் சொன்னால் 35 சதவீதம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்த எண் மட்டும் மாறவில்லை.

இப்போது லேப்டாப்புக்கு வருவோம். ஆட்டோக்காரர் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒரு காலத்தில் லேப்டாப் சிப்பின் பெயருக்குப் பின்னால் எம் என்று ஓர் எழுத்து இருக்கும். 980 என்றால் மேஜை கம்ப்யூட்டருக்கு, 980எம் என்றால் லேப்டாப்புக்கு, இது அதைவிடச் சின்னது என்று வாங்குபவருக்குப் புரியும். 2016ல் 10 வரிசை வந்தபோது அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். அப்போது அது நியாயமாகவே இருந்தது. லேப்டாப் 1080க்கும் மேஜை 1080க்கும் கோர் எண்ணிக்கை 2560 தான். 2017ல், ஒல்லி லேப்டாப்புகளுக்காக வாட்டைக் குறைத்துக்கொண்ட சிப்புகளுக்கு மேக்ஸ்-க்யூ என்று ஒரு வால் ஒட்டினார்கள். அதுவும் ஒரு எச்சரிக்கையாக உதவியது. 2021ல் அந்த வாலும் போயிற்று. அதே வருஷம் வந்த லேப்டாப் 3080ல் 6144 கோர். மேஜை 3080ல் 8704. இரண்டும் வேறு வேறு சிப். 2025ல் வந்த 5090ஐப் பாருங்கள். மேஜைக்கு 21,760 கோர், 32 ஜிபி, 575 வாட். லேப்டாப்புக்கு 10,496 கோர், 24 ஜிபி, 150 வாட்டைச் சுற்றி. பாதிக்கும் குறைவான கிளார்க்குகள், நாலில் ஒரு பங்கு சாப்பாடு. பலகையில் கிளையின் பெயர் மட்டும் ஒன்றே.

அப்படியானால் லேப்டாப் எண் எல்லாமே பொய்யா? அதுவும் இல்லை. லேப்டாப் 4060ம் மேஜை 4060ம் ஒரே சிப், இரண்டிலும் 3072 கோர், 8 ஜிபி. பெயர் சில சமயம் உண்மை சொல்லும், சில சமயம் சொல்லாது. எப்போது சொல்லும் என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது.

இந்த 4060லேயே இன்னொரு சங்கதி உண்டு. லேப்டாப் தயாரிப்பவர் இதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கோர் அதேதான், சாப்பாடு குறைந்தால் வேகம் குறையும். குறைந்த வாட்டில் ஓடும் பெரிய எண், நிறைய வாட்டில் ஓடும் சின்ன எண்ணிடம் தோற்பதும் உண்டு. ஆட்டோக்காரரின் இரண்டு கொட்டேஷனிலும் வாட் என்ற சொல்லே இல்லை. மாடல் எண்ணை வைத்து தயாரிப்பாளர்களின் பக்கங்களில் தேடினேன். விலை குறைந்தது 60 வாட், மற்றது 115 வாட். அந்த 18 ஆயிரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். மகன் எந்த மென்பொருள் ஓட்டுகிறான் என்று கேட்டு வரச் சொன்னேன். மணிக்கணக்கில் ரெண்டர் செய்கிற பையன். அவர் 115 வாட்டையே எடுத்தார். அதே பையன் பொழுதுபோக்குக்கு மட்டும் விளையாடுபவனாக, பையில் தூக்கிக்கொண்டு அலைபவனாக இருந்திருந்தால் 60 வாட்டே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெயர் தோற்ற ஒரு நாளும் இந்த வரலாற்றில் உண்டு. 2022 செப்டம்பரில் என்விடியா 4080 என்ற பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜிபியில் 9728 கோர், 12 ஜிபியில் 7680 கோர். 1060ல் செய்த அதே வேலைதான், இந்தத் தடவை சிப்பே வேறு. ஆனால் 2016 மாதிரி இல்லை, வாங்குகிறவர்கள் கோர் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கிளம்பிய சத்தத்தில் அக்டோபர் 14 அன்று 12 ஜிபியை நிறுவனமே திரும்பப் பெற்றது. அதே 7680 கோர், அதே 12 ஜிபி, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. முதலில் அறிவித்த விலை 899 டாலர், பெயர் மாறியபின் 799 டாலர். ஒரு பெயரின் விலை எவ்வளவு என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது எனக்குத் தெரிந்து இந்த ஒரு தடவைதான். 100 டாலர்.

எனவே, வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வங்கிக்காரனின் யோசனை. எண்ணைக் கணக்கின் தலைப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோர் எத்தனை, மெமரி எவ்வளவு, என்ன வகை, வாசல் எத்தனை பிட், எத்தனை வாட் என்று ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். இந்தக் கோர் கணக்கு ஒரே நிறுவனத்தின் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான் உதவும், ஏஎம்டியையும் என்விடியாவையும் இதை வைத்து நிறுத்துப் பார்க்க முடியாது. அதற்கு, உங்கள் திரை அளவில், நீங்கள் ஆடும் விளையாட்டில், வெளியார் ஓட்டிப் பார்த்த முடிவுகளைப் பாருங்கள். மேஜை கம்ப்யூட்டர் என்றால் பவர் சப்ளை தாங்குமா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அதன் விலையையும் கார்டின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் என்றால், கொட்டேஷனில் வாட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால், அப்படியானால் எழுதித் தருவதில் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். வாயால் சொன்னதற்கு எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை.