பகைவர் நடுவே பயணித்த தானியம்

தானியத்தைப் பூட்டி வைப்பவர் மக்களின் சாபத்திற்கும், அதனை விற்பவர் அவர்களது வாழ்த்துக்கும் உரியவராவர் என்பது நீதிமொழிகள் நூலின் போதனை. ஆயின், விற்பவர் விற்க விரும்பியும், வாங்குபவர் பசியோடு காத்திருந்தும், இருவருக்கும் இடைப்பட்ட கடலில் கண்ணிவெடிகள் மிதந்தால் என் செய்வது? இவ்வினாவை உலகின் முன் வைத்த நாடு உக்ரைன். அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

கரிய வளமண் நிறைந்த அந்நாடு பசிக்கொடுமையையும் நன்கறியும். 1932, 1933 ஆம் ஆண்டுகளில் சோவியத் அரசு உழவர்களின் விளைச்சலைக் கட்டாயமாகக் கைப்பற்றியது. 1932 ஆகஸ்டு 7 அன்று பிறந்த ஆணை, கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடுவோருக்கு மரண தண்டனையோ பத்தாண்டுச் சிறையோ விதித்தது. அறுத்த வயலில் கதிர் பொறுக்கியவர்களும் அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டனர். வேற்றினப் பெண்ணாகிய ரூத்துக்குப் போவாசின் வயலில் கிடைத்த உரிமை, இங்கே சொந்த மண்ணின் மக்களுக்கே மறுக்கப்பட்டது. உக்ரைனில் 30 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பட்டினியால் மாண்டனர். அவ்விரு ஆண்டுகளிலும் சோவியத் தானியம் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிக் கொண்டே இருந்தது. 'ஹோலோடோமோர்' என்று அம்மக்கள் அழைக்கும் அப்பெருந்துயரில், தானியம் வெளியேறியதே சாவுக்குத் துணைபோயிற்று.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் நிலைமை தலைகீழானது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்ததும் உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. 2 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் கிடங்குகளில் முடங்கியது. லெபனான், ஏமன், சோமாலியா போன்ற நாடுகளில் ரொட்டிக்கே தட்டுப்பாடு அஞ்சப்பட்டது. உக்ரைனின் சூரியகாந்தி எண்ணெயைப் பெரிதும் நம்பியிருந்த நம் நாட்டுச் சமையலறைகளும் விலையேற்றத்தை உணர்ந்தன.

தரைவழியாக அனுப்பலாகாதா? உக்ரைனின் தண்டவாளங்களின் இடைவெளி 1520 மில்லிமீட்டர். போலந்து முதலிய அண்டை நாடுகளிலோ 1435. ஆகவே எல்லையில் தானியத்தை வண்டி மாற்றி ஏற்ற வேண்டும். நடுத்தரக் கப்பலொன்று சுமக்கும் 26,000 டன்னை எடுத்துச் செல்ல ஏறத்தாழ நானூறு சரக்குப் பெட்டிகள் தேவை. கடலுக்கு ஈடாகத் தரை நிற்கவில்லை.

அவ்வேளையில், 2022 ஜூன் 1 அன்று, கோதுமையைப் போர்க்கருவி ஆக்கவேண்டாம் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் மன்றாடினார். ஜூலை 22 அன்று இஸ்தான்புல் நகரில் உடன்பாடு பிறந்தது. உக்ரைனும் ரஷ்யாவும் ஒரே தாளில் கையெழுத்திட இசையவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே ஐக்கிய நாடுகள் அவையோடும் துருக்கியோடும் ஒப்பமிட்டன. ஒடெசா, சொர்னொமோர்ஸ்க், பிவ்டென்னி ஆகிய மூன்று துறைமுகங்கள் திறக்கப்பட்டன. உக்ரைனிய வழிகாட்டிகள் கண்ணிவெடிகளை விலக்கிக் கப்பல்களை நடத்தினர். இஸ்தான்புல் அருகே நான்கு தரப்பு ஆய்வாளர்களும் ஒன்றாகக் கப்பலேறினர். உள்ளே செல்லும் கப்பலில் ஆயுதம் இல்லை என்பதையும், வெளியே வருவதில் ஏற்ற சரக்கே உள்ளது என்பதையும் உறுதி செய்தனர். போர்முனையில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரு நாடுகளின் அலுவலர்கள், ஒரே கப்பலின் தானிய அறையைச் சேர்ந்து எட்டிப் பார்த்தனர்!

விலையின்றி இது நிகழவில்லை. ஒப்பமிட்ட மறுநாளே ஒடெசா துறைமுகம் ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. ஜூலை 31 அன்று, தானிய வணிகத்தில் முன்னணி வகித்த ஒலெக்சி வதாதுர்ஸ்கி, மிகோலைவ் நகரில் தம் மனைவியுடன் குண்டுவீச்சில் மாண்டார். அடுத்த நாள் 'ரசோனி' என்னும் முதற்கப்பல் 26,000 டன் மக்காச்சோளத்துடன் ஒடெசாவிலிருந்து புறப்பட்டது. ஆகஸ்டு 7 அன்று, மூவேளை செபத்தின்போது, இப்பயணத்தைத் திருத்தந்தை நம்பிக்கையின் அடையாளமாக வரவேற்றார். கதிர் பொறுக்கியோரைத் தண்டித்த ஆணை பிறந்து அன்றோடு சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள்.

ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 29 லட்சம் டன் உணவுப்பொருள் அவ்வழியே சென்றது. அதில் மிகுதியாகப் பெற்ற நாடு சீனா, அடுத்து ஸ்பெயின். மிக வறிய நாடுகளுக்கு நேரடியாகச் சென்றது சிறுபகுதியே. இக்குறையை நாம் மறைக்கலாகாது. எனினும் கோதுமையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வளரும் நாடுகளை அடைந்தது. உலக உணவுத் திட்டம் 7 லட்சம் டன்னுக்கும் மேலாக எத்தியோப்பியா, ஏமன், ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளின் பசித்தோருக்கு அனுப்பியது. உலகச் சந்தையில் விலை தணிந்ததால், கப்பலைக் காணாத ஏழையும் பயனடைந்தார்.

தன் தானிய, உர ஏற்றுமதிக்கு அளித்த வாக்குறுதி நிறைவேறவில்லை எனக் கூறி, 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகியது. அதே வாரம் சொர்னொமோர்ஸ்கில் 60,000 டன் தானியம் தாக்குதலில் அழிந்தது. தானியம் இறைவனின் கொடையாதலால் அதனை அழிப்பது அவருக்கு எதிரான கொடிய குற்றம் எனத் திருத்தந்தை வருந்தினார். ஆகஸ்டில் உக்ரைன் ருமேனிய, பல்கேரியக் கரையோரமாகத் தானே ஒரு வழி திறந்தது. தரைவழியே சென்ற தானியமோ போலந்து உழவர்களுக்கு விலைவீழ்ச்சியை அளித்தது. 2024-இல் எல்லையில் சிலர் அதனை வண்டிகளிலிருந்து கொட்டினர். போரால் நலிந்த உழவரும் சந்தையால் நலிந்த உழவரும் எதிரெதிரே நின்ற அக்காட்சியில், யாரை மட்டும் நாம் பழிப்பது?

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? பகை தீர்ந்த பின்னரே பசி தீரவேண்டும் என்னும் நியதி இல்லை. அன்பு பிறக்காத இடத்திலும், பசித்த மூன்றாம் மனிதரை முன்னிட்டுச் சிறு இசைவேனும் பிறக்கக்கூடும். ஓராண்டுக் காலம் அது பிறந்தது. ஆதலின், இயலாது என்னும் சொல்லை ஆட்சியாளர்கள் எளிதில் உரைக்க நாம் விடலாகாது.

திருப்பலியில் அப்பத்தை ஒப்புக்கொடுக்கையில், நிலமும் உழைப்பும் சேர்ந்து தந்த கொடைக்காக இறைவனைப் போற்றுகின்றோம். வயலுக்கும் உணவு மேசைக்கும் இடையே ஒரு வழியும் வேண்டும். அவ்வழியைத் திறந்து காத்தோரையும், அதில் உயிர் ஈந்தோரையும் அவ்வேளையில் நினைவுகூர்வோமாக.