தொண்டையில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் ‘கிளட்’ என்றொரு சொல் உண்டு. சந்தையில் ஒரு பண்டம் வாங்குவோரின் தேவைக்கு மிஞ்சிக் குவிந்து கிடப்பதை அது குறிக்கும். ஆயினும் அச்சொல் பிறந்த இடம் கடைத்தெரு அன்று, தொண்டை. விழுங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையொன்று பழைய பிரெஞ்சு மொழி வாயிலாக ஆங்கிலத்தை அடைந்தது. பெருந்தீனிக்காரனைக் குறிக்கும் ‘கிளட்டன்’ அதன் உடன்பிறப்பு. வயிறு முட்ட உண்டவனுக்குரிய சொல்லைப் பிற்காலத்தில் சந்தைக்கும் ஏற்றிச் சொல்லலாயினர். தமிழில் ‘மிகுதி’ என்பதைவிடத் ‘தெவிட்டல்’ என்பதே இதற்கு அணித்தானது. மிகுதியில் மகிழ்ச்சியும் இருக்கலாம். தெவிட்டலில் அதற்கு இடமில்லை.

இலங்கை மலையகம் இச்சொல்லின் கசப்பை உணர்ந்தது 1930களின் தொடக்கத்தில். 1929 இல் எழுந்த உலகப் பொருளாதார மந்தத்தை அடுத்து, இலங்கை, இந்தியா, அந்நாளைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தேயிலை இலண்டன் பண்டகசாலைகளில் தேங்கிற்று, விலை சரிந்தது. 1933 இல் மூன்று நாட்டு உற்பத்தியாளரும் உடன்படிக்கை செய்தனர். 1929 முதல் 1931 வரையிலான ஆண்டுகளுள் மிகக் கூடிய ஏற்றுமதி எதுவோ, அதில் நூற்றுக்கு 85 பங்கே முதலாண்டில் அனுப்பலாம் என்பது விதி. தோட்டங்களுக்கு ஏற்றுமதிக் கூப்பன்கள் வழங்கப்பட்டன. அவை கைமாறி விற்கவும்பட்டன. தேயிலை விலைபோகாத காலத்தில், தேயிலை அனுப்பும் உரிமைச்சீட்டு விலைபோயிற்று!

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் இக்கணக்கு வேறு விதமாக விடிந்தது. குறைவாகக் கொழுந்து பறித்தால் குறைவாகவே ‘பேர்’ விழும். ஒரு நாள் வேலைக்குப் பதிவேட்டில் இடப்படும் பதிவையே தோட்ட மக்கள் பேர் என்பர். 1929 இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்சம்பளமாக விதிக்கப்பட்டிருந்தன. அக்குறைந்தபட்சச் சம்பளமும் 1932 இல் வெட்டப்பட்டது. தெவிட்டுமளவு விழுங்கியவர் எவராயினும், லயத்தில் அரைவயிறு உண்டவர் அல்லர். ஆனால் பத்தியம் விதிக்கப்பட்டது அவர்களுக்கே.

தேயிலையைப் போலத் தொழிலாளரும் மிகையாக எண்ணப்பட்டனர். அவ்வாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் தலைமன்னார் வழியே இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

எஞ்சியோர் வாய்மூடி இருக்கவில்லை. 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர் அவர்களிடையே எழுதியும் பேசியும் வந்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் தொழிலாளர் துயரைப் பாடல்களாகப் பாடினார். 1936 இல் ஹட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்குத் தெரிந்தெடுத்தனர்.