பூமி முன்பே பிளந்து வைத்த பாறை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மேற்குப் பகுதியில் உள்ள பீயான்ஸ் படுகையில், 1969 செப்டம்பர் 10 அன்று, சுமார் 2,570 மீட்டர் ஆழத்தில் 40 கிலோடன் வலிமை கொண்ட அணுகுண்டு ஒன்று வெடிக்கப்பட்டது. ரூலிசன் திட்டம் எனப்பட்ட அச்சோதனையின் நோக்கம், இறுகிய மணற்பாறைக்குள் அடைபட்டிருந்த எரிவாயுவை வெளிக்கொணர்வதே ஆகும்.

கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியில், உள்நாட்டுக் கடலொன்றின் கரையோரச் சமவெளியில் வளைந்தோடிய ஆறுகள் விட்டுச்சென்ற மணல் திட்டுகளே மெசவெர்டே எனப்படும் இப்பாறைத் தொகுதியின் மேற்பகுதியாயின. அவை ஆழப் புதைந்து நசுங்கியபோது, மணிகளுக்கிடையே குவார்ட்ஸும் கால்சைட்டும் களிமண் கனிமங்களும் படிந்து துளைகளை அடைத்தன. அதனால் பாறையின் ஊடுருவுதிறன், அதாவது வாயுவையோ திரவத்தையோ தன்னூடே செல்லவிடும் தன்மை, பெரிதும் குன்றியது. இறுக்கத்தை மட்டுமே கணக்கில் கொண்ட அமெரிக்க அணுசக்தி ஆணையம், நியூமெக்சிகோவில் 1967இல் தொடங்கிய இத்தகைய அணுவெடிப்பு முயற்சியைப் பெரிதாக்கி, 1973 மே மாதம் அதே படுகையின் ரியோ பிளாங்கோவில் ஒரே கிணற்றில் மூன்று குண்டுகளை வெடித்தது. வெடிப்பறைகள் எதிர்பார்த்தபடி ஒன்றோடொன்று இணையவில்லை. ரூலிசனில் கிடைத்த வாயுவும் கதிரியக்கம் கலந்ததாய் இருந்தமையால், விற்கப்படாமல் எரித்தே தீர்க்கப்பட்டது. அணுவெடிப்புக்கு வாக்காளர் ஒப்புதல் தேவை என்று 1974இல் கொலராடோ மக்கள் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டனர். அவர்களது அச்சம் நியாயமானது, முடிவும் சரியானது.

எனினும் ஆணையம் கணக்கில் கொள்ளாத ஒன்று உண்டு: அப்பாறை முன்பே பிளவுபட்டிருந்தது. நிலக்கரிப் படுகைகளிலிருந்து பிறந்த வாயுவின் அழுத்தம் துளைகளில் ஏறியிருந்த காலத்தில், மலையாக்கத்தின் நெருக்கமும் பக்கவாட்டில் சேர, மணற்பாறையில் செங்குத்தான மெல்லிய விரிசல்கள் தோன்றின. அவை பெரும்பாலும் மேற்கு-வடமேற்குத் திசையில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன.

இவ்வுண்மையை உறுதிப்படுத்தியது, அமெரிக்க எரிசக்தித் துறை 1980களில் அதே படுகையில் ரைஃபிள் நகரருகே சில பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று கிணறுகளைத் தோண்டி நடத்திய பல்கிணற்று ஆய்வு. அங்கே வெட்டியெடுத்த பாறைத் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது கிடைத்த ஊடுருவுதிறனைவிட, கிணற்றில் வாயு பாய்ந்த வேகத்திலிருந்து கணித்தது பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் விரிசல்களே. சதுப்புநிலப் படிவ அடுக்கு ஒன்றில் நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முறையைக் கையாண்டபோது, வாயு வரத்து முன்னிருந்ததை விடக் குறைந்ததுதான் மிகவும் கருதத்தக்கது. உட்செலுத்திய கூழ்மம் அந்த இயற்கை விரிசல்களையே அடைத்துவிட்டது. கிணற்றை நெடுங்காலம் மூடி வைத்த பின்னரே வரத்து தேறியது.

செங்குத்துக் கிணறு செங்குத்து விரிசலைச் சந்திப்பது அரிது என்பதால், அதே இடத்தில் பின்னர் விரிசல்களைக் குறுக்காக வெட்டிச் செல்லுமாறு சாய்கிணறு ஒன்று தோண்டப்பட்டது. மணல் திட்டுகள் சிறியவை என்பதும், ஒரு கிணறு வாயுவை ஈர்க்கும் பரப்பு விரிசலின் போக்கில் நீண்டு குறுக்கே ஒடுங்கியிருக்கும் என்பதும் தெளிவான பிறகு, அப்படுகையில் பத்து ஏக்கருக்கு ஒரு கிணறு என்னும் அளவுக்கு நெருக்கமாகக் கிணறுகள் அமைந்தன.