டைன்ஹாம்: திரும்ப முடியாத ஊர்

இங்கிலாந்தோட தெற்குக் கடலோரம், டார்செட் மாவட்டம். ரெண்டு குன்று வரிசைக்கு நடுவுல டைன்ஹாம்னு ஒரு சின்ன ஊர். பக்கத்துலயே லல்வர்த் பீரங்கிப் பயிற்சித் திடல். அந்த அமைவிடம்தான் ஊரோட தலையெழுத்தையே மாத்துச்சு.

1943 டிசம்பர். இரண்டாம் உலகப்போர் நேரம். ராணுவப் பயிற்சிக்கு இடம் வேணும்னு சுமார் 225 பேரைக் காலி பண்ண வெச்சாங்க. போர் முடிஞ்சதும் திரும்பிடலாம்னு நம்பித்தான் கிளம்பினாங்க. வீடுகளைப் பத்திரமா பாத்துக்கச் சொல்லி சர்ச் கதவுல ஒரு சீட்டும் வெச்சுட்டுப் போனாங்க. ஆனா 1948-ல அரசாங்கம் அந்த நிலத்தையே கட்டாயமா கையகப்படுத்திடுச்சு.

இன்னைக்குப் பல வீடுகளுக்குக் கூரையே இல்ல. சர்ச்சும் பள்ளிக்கூடமும் கண்காட்சியா இருக்கு. இதுல ஒரு விசித்திரம்: நவீன விவசாயம் நுழையாததால அங்க காட்டுப்பூக்களும் பட்டாம்பூச்சிகளும் பிழைச்சுக்கிச்சு.

அது நல்லதுதான். ஆனா "கொஞ்ச நாளைக்குத்தான்"னு யார் நிலம் கேட்டாலும், நான் முதல்ல தேதியைத்தான் கேப்பேன்.