யாளி ஆராய்ச்சி

திருக்கோயிலுட் புகுவாரது கண்ணை ஈர்ப்பனவற்றுள் யாளியும் ஒன்று. முன்னங்கால் தூக்கி நிற்பதும், வாயினுட் கல்லுருண்டை உருள நிற்பதும், யானையின் துதிக்கையும் அரிமாவின் உடலும் விரவி நிற்பதுமாகிய அவ்வடிவைக் கண்டோர், இத்தகைய விலங்கு முன்னொரு காலத்து இந்நிலத்தில் வாழ்ந்ததோ என வினாவுதல் இயல்பே. வாழ்ந்தது என்று உறுதி கூறுவாரும், அதனை மறுப்பவர் கோயிலின் பெருமையையே மறுத்தவராவர் எனக் கருதுவாரும் உளர். இவ்வினா விருப்பத்தாலன்றி அளவையால் முடிவு செய்யப்படுதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாருள், பிறர் கூறும் அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினர். யாளியின் உண்மையை ஆராய்வார்க்கும் அம்மூன்றே துணையாம்.

முதற்கண் உரையை நோக்குவோம். சங்கச் செய்யுட்களில் ஆளி என்னும் பெயர் பலவிடத்து வருகின்றது. குறிஞ்சிப்பாட்டுள் கபிலர் மலைவழியில் அஞ்சத்தக்க விலங்குகளை எண்ணுமிடத்துப் புலி, கரடி, களிறு என்பவற்றோடு ஆளியையும் வைத்தனர். பொருநராற்றுப்படையோ, பால்குடி மாறாத ஆளிக்குருளை தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றாற்போல்வது என்று கரிகாலனது இளமை வென்றியைக் கூறுகின்றது. நேரிற் கண்ட விலங்குகளைப் பிழையறப் பாடிய புலவர் கூற்றாகலின் இஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின், அவர் பெரிதும் பேசுவன அதன் வலியும் உகிரும் யானையை அடுந்திறனுமே. இவை அரிமாவைப் பற்றிய கேள்விச் செய்திக்கும் பொருந்துவன. எனவே, உரையளவை ஆளி என்னும் கருத்தின் பழமையை நிறுவும். தூணிலுள்ள வடிவினதாகிய விலங்கு உயிரோடு உலவிற்று என்பதை நிறுவமாட்டாது.

இனிக் காண்டல். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் 7 ஆம் நூற்றாண்டிற் செதுக்கப்பெற்ற யானைகளை நோக்குக. காலடியில் நிற்கும் கன்று முதலாக யாவும் உயிருள்ளன போல்வன. ஆயிரம் ஆண்டு கழித்து நாயக்கர் காலத்துச் சிற்பியர் செதுக்கிய யானையும் அதே யானைதான். யாளியின் நிலை அங்ஙனமன்று. பல்லவர் தூணடியில் அது பிடரிமயிர் சுருண்ட அரிமாவாய் அமர்ந்திருக்கின்றது. 1010 இல் நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்தில் அடித்தள வரிசையாய் ஓடுகின்றது. 17 ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எடுப்பித்த மதுரைப் புதுமண்டபத்தில் தூணளவு ஓங்கி நிற்கின்றது. காலந்தோறும் இடந்தோறும் அரிமா முகம், யானை முகம், மகர முகம் எனப் பல முகம் பூணுகின்றது. கண்முன் நின்ற விலங்கைப் பார்த்துச் செய்திருப்பின், யானையின் வடிவு மாறாதிருக்க யாளியின் வடிவு மட்டும் இத்துணை மாறுதற்குக் காரணம் இல்லை. தென்னாட்டுக் காடுகளில் அக்காலத்து அரிமா இருந்ததற்கு உறுதியான சான்று கிடைத்திலது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிற்பியர் கண்டறியாத அரிமாவே நூலாலும் கேள்வியாலும் வளர்ந்து யாளியாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மூன்றாவது கருதல். ஒரு விலங்கின் பல்லும் காலும் குடலும் தம்முள் இயைந்தே அமையும் என்பது பிரான்சு நாட்டு அறிஞர் குவியர் நிலைநாட்டிய கொள்கை. இரையைக் கிழித்துண்ணும் விலங்கிற்குக் கூரிய கோரைப்பல்லும் உகிரும் வேண்டும். தழையுண்ணும் யானைக்கு அரைக்கும் பல்லும், துதிக்கையைத் தாங்கும் பெருந்தலையும் வேண்டும். இவ்விரண்டும் ஓருடலிற் பொருந்தா. மேலும், டார்வின் 1859 இல் வெளியிட்ட நூலின் பின்னர், உயிர்களின் உடல் வாழும் சூழலுக்கேற்ப வழிவழியே திரிபுறும் என்பது தெளிவாயிற்று. வெட்டவெளியின் மரக்கொம்பை எட்டும் ஒட்டகச்சிவிங்கி நீள்கழுத்துடையது. அதன் குடியிற் பிறந்து காங்கோ நாட்டு அடர்காட்டில் உறையும் ஒக்காப்பி குறுங்கழுத்துடையது. உடம்பு மாயையின் காரியமாய்த் தோன்றி மாறுவது எனக் கொள்ளும் சைவர்க்கு இதனால் வரும் இழுக்கொன்றுமில்லை.

அற்றேல், ஒக்காப்பியையும் ஐரோப்பியர் நெடுநாள் அறிந்திலரே. 1901 இல் அன்றோ அது விலங்கு நூலிற் பெயர் பெற்றது. அங்ஙனமே யாளியும் ஒருநாள் வெளிப்படாதோ எனின், ஒக்காப்பி ஏற்கப்பட்டது தோலும் மண்டையோடும் கிடைத்தமையால் என்க. இமயத்தின் அடிவாரமாகிய சிவாலிக் மலையிற் கிடைத்த எலும்புகளைக் கொண்டே பால்கனர், காட்லி என்னும் இருவரும் 1836 இல் மறைந்துபோன ஒரு பெருவிலங்கை வெளிப்படுத்தி, அதற்குச் சிவபெருமான் திருப்பெயரால் சிவத்தீரியம் எனப் பெயரிட்டனர். அதுவும் ஒட்டகச்சிவிங்கியின் குடியினதே. கிளைத்த பெருங்கொம்பும் பருவுடலும் உடையது. யாளிக்கோ இந்நாள்காறும் ஓர் எலும்பும் கிடைத்திலது.

சமய உண்மையை எலும்பின்மேல் நிறுத்துவார் எய்தும் இடரும் உண்டு. அதே சிவாலிக் மலையிற் கிடைத்த தாடைத் துண்டொன்றிற்கு 1934 இல் இராமபிதீக்கம் என்று பெயரிட்டனர். பின்னர் அது மாந்தரின் முன்னோர்க்கு உரியது எனப் பலரும் நெடுநாள் கொண்டாடினர். 1980 ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேலும் எலும்புகள் கிடைத்தபோது, அது சிவபிதீக்கம் என்னும் குரங்கினத்ததே என்றும், ஒராங்குட்டானுக்கு உறவுடையது என்றும் கண்டனர். திருப்பெயர் பூண்டமையால் எலும்பு தன் இயல்பு மாறவில்லை. எலும்பு மாறியமையால் திருப்பெயர்க்கும் குறைவு வந்திலது.

சரபத்தின் வரலாறு இதனை இன்னும் விளக்கும். பாலி மொழிச் சாதகக் கதையில் சரபம் ஒரு மான். மகாபாரதத்தில் அஃது எட்டுக்கால் உடையதாய் அரிமாவையும் கொல்வது. புராணங்களிலோ இறைவன் உலகின் துயர் தீர்ப்பான் கொண்ட திருவடிவு. மூன்றாம் குலோத்துங்க சோழன் எடுப்பித்த திருபுவனத்துக் கோயிலில் அவ்வடிவு இன்றும் வழிபடப்பெறுகின்றது. அங்கு வழிபடுவார் எவரும் அதன் எலும்பு எங்கே என வினாவுவதில்லை. பெயர் விலங்கினின்று தொடங்கி அருளின் குறியாய் முதிர்ந்தது. அக்குறியே அவர்க்குப் போதியது.

யாளியும் இந்நெறியிற் கொள்ளத்தக்கது. பல தூண்களில் அது யானையைத் தன் கீழ்ப்படுத்தி நிற்கின்றது. யானையுரித்த பெருமான் வரலாற்றில் யானையை ஆணவமலமாகக் கொண்டு பொருளுரைப்பார் உளராகலின், கருவறைக்குச் செல்லும் வழியில் நிற்கும் அவ்வடிவு உள்ளே செல்வார்க்கு உணர்த்துவது யாதென்பது வெளிப்படை. விலங்கின் உண்மையை எலும்பு கூறுக. வடிவின் பொருளை ஆகமமும் அடியார் மரபும் கூறுக. ஒன்றன் வேலையை மற்றொன்றன்மேல் ஏற்றாதிருப்பின், ஆராய்ச்சியும் வழிபாடும் தத்தம் நெறியில் இனிது செல்லும்.