ஒரே தட்டு, மூன்று விலை

அமெரிக்கப் பள்ளிகளில் மதிய உணவுக்கு மூன்று விலை உண்டு. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம். 185 சதவீதம் வரை சலுகை விலை, அதிகபட்சம் 40 சென்ட். அதற்கு மேல் முழு விலை. கேட்க நியாயமான கணக்குதான். ஆனால் இந்தத் திட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், ஏழைப் பிள்ளை யார் என்று பிரித்தெடுக்கும் வேலையே அந்தப் பிள்ளையைச் சாப்பாட்டிலிருந்து விரட்டியிருக்கிறது.

திட்டம் பிறந்தது பிள்ளைகளின் பசிக்காக மட்டும் அல்ல. 1930களின் பெருமந்தத்தில் விலைபோகாமல் தேங்கிய விளைபொருளை அரசு வாங்கிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 1946 ஜூனில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டமும், பிள்ளைகளின் உடல்நலத்தோடு உள்நாட்டு விளைபொருளின் விற்பனையையும் நோக்கமாக எழுதிவைத்தது. காசு கொடுக்க முடியாத பிள்ளைக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு தர வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. யார் அந்தப் பிள்ளை என்று தீர்மானிப்பதை மட்டும் உள்ளூர் நிர்வாகத்திடம் விட்டுவிட்டது. அந்தச் செலவை ஈடுகட்டப் போதிய பணமும் தரவில்லை. ஆகவே இலவசமாகப் போட்ட ஒவ்வொரு சாப்பாடும் பள்ளிக்கு நஷ்டம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே நடந்தது. 1968இல் பெண்கள் அமைப்புகள் சில சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 5 கோடி மாணவர்களில் இலவசமாகவோ சலுகை விலையிலோ சாப்பிட்டவர்கள் 20 லட்சத்துக்கும் குறைவு.

கிடைத்தவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை 1970ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே காட்டிக்கொடுக்கிறது. தகுதிக்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலைக் கொண்டுவந்த அந்தச் சட்டம், ஏழைப் பிள்ளைகளுக்குத் தனி டோக்கன், தனிச் சீட்டு கொடுக்கக் கூடாது, பெயர்ப் பட்டியலை வெளியிடக் கூடாது, தனியாக உட்காரவைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தடுத்தது. நடக்காத கொடுமைக்கு யாரும் தடை எழுதுவதில்லை. சீட்டு போனாலும் பிரிவினை போகவில்லை. விண்ணப்பத்தை நிரப்பத் தயங்கும் பெற்றோரின் பிள்ளையும், வருமானம் வரம்பைச் சற்றே தாண்டிய வீட்டுப் பிள்ளையும் கடன் கணக்கில் ஏறினார்கள். கடன் ஏறிய பிள்ளையின் கையிலிருந்த சூடான சாப்பாட்டை வாங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, ஆறிப்போன சீஸ் சாண்ட்விச்சை நீட்டிய பள்ளிகள் இருந்தன. பெற்றோரின் கடனுக்காகப் பிள்ளையை இப்படி அவமானப்படுத்தக் கூடாது என்று நியூ மெக்சிகோ மாநிலம் சட்டம் இயற்றியது 2017இல்தான்.

இந்தப் பிரிவினை போக, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே உணவு தர வேண்டும். அப்படியானால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வரிப்பணத்தில் ஏன் சோறு என்று கேட்பவர்கள் உண்டு. செலவு கூடும் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுப் பள்ளியில் வகுப்பறைக்கும் ஆசிரியருக்கும் எந்தத் தகப்பனிடமும் சம்பளச் சான்று கேட்பதில்லை. வசதியுள்ளவர் தன் பங்கை வரியாகச் செலுத்தத்தான் செய்கிறார். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்று ஒப்புக்கொண்டபின், மதியச் சாப்பாட்டை மட்டும் ஏன் பள்ளிக்கு வெளியே நிறுத்த வேண்டும்? 2010ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் திசையில் ஓர் அடி வைத்தது: ஏழைகள் மிகுந்த பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாக உணவு தரலாம் என்றது.

கோவிட் காலத்தில் விதிகள் தளர்ந்து, ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் காசில்லாமல் சாப்பிட்டார்கள். 2022 நடுவில் அந்தச் சலுகை முடிந்ததும் பல மாநிலங்களில் விண்ணப்பமும் கடனும் திரும்பி வந்தன. கலிஃபோர்னியாவும் மெய்னும் பற்றாக்குறைத் தொகையைத் தம் கருவூலத்திலிருந்து போட்டு, இலவச உணவைத் தொடர்ந்தன. மத்திய அரசிடம் பணம் கேட்கும் கணக்கில் மூன்று விலையும் அங்கே இன்னும் இருக்கின்றன. வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் அதை யாரும் கேட்பதில்லை.